மனைவியின் போனில் இருக்கும் படங்களும் பாட்டுகளும்: எதை முதலில் காப்பாற்றுவது?

கேள்வி: திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். என் மனைவி காலமாகிப் பத்து மாதம் ஆகிறது. அவளுடைய ஆண்ட்ராய்டு போன் என்னிடம்தான் இருக்கிறது. திறக்கும் எண்ணை அவளே சொல்லி வைத்திருந்தாள். பேரப்பிள்ளைகள் படம், குடும்பப் படம், ஊர்க் கிழவிகளோடு உட்கார்ந்து அவள் பதிவு செய்த நடவுப் பாட்டு, தாலாட்டு எல்லாம் அதில் இருக்கின்றன. 'ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது' என்று தினமும் அறிவிப்பு வருகிறது. அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்து மூன்று மாதம் ஆகப் போகிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் 'எல்லாத்தையும் கிளவுடுல போட்டுடுங்கப்பா' என்கிறான். கடைத்தெருவில் கேட்டால் 'ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வாங்குங்க சார், போதும்' என்கிறார்கள். கஜா புயலில் ஓடு பறந்து, பீரோவில் இருந்த ஆல்பங்கள் நனைந்து ஒட்டிப்போயின. அதனால் எதையும் நம்பப் பயமாக இருக்கிறது. என் தகப்பனார் கோயிலில் தேவாரம் பாடிய முப்பது கேசட்டுகளும், திருச்சியில் இருக்கும் மகளின் கல்யாண வீடியோவும் உண்டு. எந்த நிறுவனத்தில் போடலாம்? பணம் கட்ட வேண்டுமா? என் காலத்துக்குப் பிறகு என்ன ஆகும்? அவள் கணக்கை மூடிவிடலாமா? (பெயர் வேண்டாம்.)

பதில்:

ஐயா, வணக்கம். அம்மாவின் மறைவுக்கு என் இரங்கல். எந்த நிறுவனம் என்ற கேள்வியை நீங்கள் முதலில் வைத்திருக்கிறீர்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளுகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்த ரீசார்ஜ் வரிதான். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன்பே கூட, அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்துவிடுங்கள்.

காரணம் இதுதான். நம் நாட்டில் 90 நாள் பயன்படுத்தாமல் கிடக்கிற ப்ரீபெய்டு எண்ணைத் தொலைபேசி நிறுவனம் துண்டிக்கலாம். துண்டித்த எண் சில மாதம் கழித்து வேறொருவருக்குப் போய்விடும். பிறகு ஒரு நாள் கூகுள் 'நீங்கள்தானா?' என்று சரிபார்க்கக் கேட்டால், ஓடிபி அந்த முன்பின் தெரியாத மனிதருக்குப் போகும். படங்கள் எங்கோ ஒரு சர்வரில் பத்திரமாக இருக்கும், உங்களால்தான் உள்ளே போக முடியாது. பழைய ஒலிநாடாக்களை மாற்றிக் கொடுப்பதும் அழிந்த தரவை மீட்பதும் என் தொழில். 'ஃபைல் கெட்டுப்போச்சு' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு ஃபைல் கெட்டிருக்காது, எண்ணோ பாஸ்வேர்டோதான் கைவிட்டுப் போயிருக்கும். கெட்ட ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து ஏதாவது செய்து பார்க்கலாம். பூட்டிய கணக்கை என்னைப் போன்ற யாராலும் திறக்க முடியாது.

ரீசார்ஜ் ஆனதும், இறப்புச் சான்றிதழோடு அந்த நிறுவனத்தின் கடைக்குப் போய் சிம்மை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு முறையான வழி இருக்கிறது. அடுத்து, போனின் அமைப்புகளில் கூகுள் கணக்கைத் திறந்தால் 'பாதுகாப்பு' என்று ஒரு பகுதி இருக்கும். அதில் மீட்பு எண்ணாக உங்கள் எண்ணையும், மீட்பு மின்னஞ்சலாக மகளுடையதையும் சேருங்கள். பாஸ்வேர்டுக்குப் பிறகு ஓடிபி போன்ற இன்னொன்றும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அங்கேயே 'பேக்கப் குறியீடுகள்' பத்து கிடைக்கும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். காகிதத்தில் அச்செடுத்துப் பத்திரங்களோடு வையுங்கள். எண்ணே போனாலும் அந்தக் குறியீடு ஒன்றை வைத்துச் சரிபார்ப்பைத் தாண்டலாம்.

போனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை ரீசெட் செய்யவோ, கணக்கிலிருந்து வெளியேறவோ, வாட்ஸ்அப்பை நீக்கவோ வேண்டாம். 'மெதுவாக இருக்கிறது, சுத்தம் செய்து தருகிறேன்' என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். இறந்தவரின் கணக்கில் உள்ளவற்றைக் குடும்பத்தார் கேட்டு விண்ணப்பிக்க கூகுளிடம் ஒரு வழி உண்டு. ஆனால் பாஸ்வேர்டை அவர்கள் தரமாட்டார்கள். ஆவணங்கள் கேட்பார்கள், தரவைக் கொடுப்பதா என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். திறந்த நிலையில் போன் கையில் இருக்கும்போது அந்த வழிக்குப் போகத் தேவையே இல்லை. அதனால்தான் இந்த போன் இப்போது உங்கள் வீட்டுப் பத்திரங்களைவிட முக்கியம்.

இனி, நீங்கள் கேட்காத, ஆனால் உங்களுக்கு எல்லாவற்றையும்விட அவசியமான விஷயம். கிளவுட் என்றால் இணையம் வழியாக ஒரு நிறுவனத்தின் கணினியில் நாம் வைக்கும் சேமிப்பு. 'கிளவுடில் எல்லாம் இருக்கிறது' என்று உங்கள் மகன் நினைத்துக்கொண்டிருக்கலாம். அம்மா பதிவு செய்த பாட்டுகள் பெரும்பாலும் அங்கே இருக்காது. கூகுள் போட்டோஸ் படத்தையும் வீடியோவையும் மட்டுமே எடுத்துக்கொள்ளும். குரல் பதிவு எதையும் அது தொடுவதில்லை. போனில் உள்ள ரெக்கார்டரில் பதிவு செய்த நடவுப் பாட்டு, அதை வேறெங்கும் யாரும் ஏற்றி வைக்காதவரை, உலகத்திலேயே அந்த ஒரு போனில் மட்டும்தான் இருக்கிறது. தண்ணீரில் விழுந்தால், சார்ஜர் கோளாறில் போர்டு எரிந்தால், அவ்வளவுதான்.

வாட்ஸ்அப் குரல் செய்திகளும் இதே கதை. வாட்ஸ்அப் தன் பேக்கப்பை கூகுள் கணக்கில் வைக்கிறது, உண்மை. ஆனால் அது நாம் திறந்து பார்க்கக்கூடிய ஃபோல்டர் இல்லை. அதே எண்ணில் வாட்ஸ்அப்பை மறுபடி நிறுவினால்தான் அது உயிர்பெறும். எண் போனால் அந்த பேக்கப்பும் பயனற்றுப் போகும். அதோடு, சுமார் 120 நாள் இணையத்தோடு இணையாமல் கிடக்கும் கணக்கை வாட்ஸ்அப் நீக்கிவிடுவது வழக்கம். நீக்கினாலும், போனில் ஏற்கெனவே இறங்கிய குரல் செய்திகள் ஃபோல்டரில் இருக்கும், செயலியை அழிக்காத வரையில். வாட்ஸ்அப்பில் வந்த படங்களும் தானாக கூகுள் போட்டோஸுக்குப் போகா. அந்த ஃபோல்டரை நாமே தேர்ந்தெடுத்திருந்தால்தான் போகும். பலர் வீட்டில் அது தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதில்லை.

ஆகவே கிளவுட், ஹார்ட் டிஸ்க் என்ற யோசனைக்கு முன்னால், ஒரு கேபிளும் ஒரு கணினியும் போதும். கேபிளால் இணைத்ததும் போனில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேமரா படங்கள் 'டிசிஐஎம்' என்ற ஃபோல்டரில் இருக்கும். குரல் பதிவுகள் 'ரெக்கார்டிங்ஸ்' அல்லது 'வாய்ஸ் ரெக்கார்டர்' என்ற பெயரில், போனுக்குப் போன் இடம் மாறி, இருக்கும். வாட்ஸ்அப் பொருட்கள் 'ஆண்ட்ராய்டு' ஃபோல்டருக்குள் 'மீடியா' என்பதன் கீழ் இருக்கும், அதில் 'வாய்ஸ் நோட்ஸ்' தனியாகத் தெரியும். எது வேண்டும் எது வேண்டாம் என்று அந்த நேரத்தில் பிரிக்க உட்காராதீர்கள். மொத்தமாகப் பிரதி எடுங்கள். இடம் மாற்றும் 'கட்' கட்டளையைத் தொடவே வேண்டாம், 'காப்பி' மட்டும். பாதியில் கேபிள் அசைந்தால் இடமாற்றம் இரண்டு பக்கத்தையும் கெடுத்துவிடக்கூடும். கடையில் செய்வதாக இருந்தால், முடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். குடும்பத்துப் பெண்களின் படங்கள் அதில் இருக்கின்றன. போனை விட்டுவிட்டு 'சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்' என்று வர வேண்டாம்.

பாட்டுகளைப் பற்றி ஒரு வேண்டுகோள் உண்டு. 'வாய்ஸ் 017' என்ற பெயரில் கிடக்கும் பதிவு இன்னும் பத்து ஆண்டில் யாருக்கும் ஒன்றும் சொல்லாது. பாடியவர் பெயர், ஊர், ஆண்டு, நடவா தாலாட்டா ஒப்பாரியா என்று ஃபைலுக்கு நீங்களே பெயரிடுங்கள். தமிழிலேயே பெயர் வைக்கலாம், கணினி ஏற்றுக்கொள்ளும். அந்தக் கிழவிகளில் யாராவது இருந்தால் நேரில் போய்க் கேட்டு, விட்டுப்போன அடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்று நடும் இயந்திரம் வந்த பிறகு டெல்டா வயல்களில் அந்தப் பாட்டைக் கேட்பது அரிதாகிவிட்டது. உங்கள் வீட்டில் இருப்பது குடும்பச் சொத்து மட்டும் இல்லை, ஐயா. இந்த வேலையை எந்த நிறுவனமும் செய்து தராது, தமிழ் படித்த நீங்கள் செய்யலாம்.

இப்போது கணக்கில் ஏற்கெனவே ஏறியிருக்கும் படங்கள். அவற்றை மொத்தமாக இறக்க 'கூகுள் டேக்அவுட்' என்ற வசதி இருக்கிறது. அம்மாவின் கணக்கில் நுழைந்து, பட்டியலில் கூகுள் போட்டோஸை மட்டும் தேர்ந்தெடுத்தால், அவர்கள் கட்டுக்கட்டாக ஜிப் ஃபைல்களாக்கி மின்னஞ்சலில் சுட்டி அனுப்புவார்கள். சுட்டி ஏறக்குறைய ஒரு வாரம்தான் உயிரோடிருக்கும். நல்ல பிராட்பேண்டு இருக்கும் மகள் வீட்டுக்குத் திருச்சி போகும்போது இதைச் செய்யுங்கள். இறக்கிய பிறகு ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் 'ஜேசன்' என்று முடியும் ஒரு சிறு ஃபைல் இருக்கும். குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். படம் எடுத்த தேதி, நீங்கள் எழுதிய குறிப்பு எல்லாம் அதில்தான் இருக்கும்.

'நிறைந்துவிட்டது' அறிவிப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்தை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2024 முதல் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதில் சேர்ந்துவிட்டது. 2021 ஜூன் 1-க்கு முன்னால் சுருக்கிய தரத்தில் ஏறிய படங்கள் மட்டும் இந்த 15 ஜிபியில் சேராது. நிறைந்தால் இருக்கும் படம் அழிவதில்லை, புதிது ஏறாது. மின்னஞ்சல் வருவதும் போவதும் நின்றுவிடும். ஆனால் நிறைந்த நிலையிலேயே 2 ஆண்டு விட்டால் கூகுள் அவற்றை அழிக்கலாம். அதேபோல் 2 ஆண்டு யாரும் தொடாத கணக்கையே நீக்கும் விதியும் 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதனால் மாதம் ஒருமுறை அந்த போனில் ஒரு மின்னஞ்சலைத் திறந்து படியுங்கள், ஒரு படத்தை மகளுக்குப் பகிருங்கள். கணக்கு உயிரோடு இருக்கிறது என்று அவர்கள் தெரிந்துகொள்ள அது போதும். இடையில் 'உங்கள் கிளவுட் நிறைந்தது, இன்றே பணம் கட்டாவிட்டால் படங்கள் அழியும்' என்று சுட்டியோடு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ வந்தால், தொடாதீர்கள். அது பணம் பறிக்கும் கும்பலின் வேலை. உண்மை நிலையை எப்போதும் செயலியைத் திறந்து அதற்குள்ளேயே பாருங்கள்.

நான் பார்க்கிற இழப்புகளில் பாதிக்கு மேல் புயலாலும் வெள்ளத்தாலும் வருவதில்லை, ஒரு விரல் அழுத்தலில் வருகின்றன. கூகுள் போட்டோஸில் 'இடத்தைக் காலியாக்கு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால், கிளவுடில் ஏறிய படங்களின் போன் பிரதிகள் அழியும். திரையில் படம் அப்படியே தெரியும், ஏனென்றால் அது கிளவுடிலிருந்து காட்டுகிறது. அடுத்த வாரம் கிளவுட் நிறைந்துவிட்டது என்று அறிவிப்பு வரும். 'போனில்தான் இருக்கிறதே' என்று நினைத்து அங்கேயும் அழிப்பார்கள். இரண்டு பக்கமும் போயிற்று. அழித்த படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், அதற்குள் தெரிந்தால் மீட்டுவிடலாம். ஐபோனில் அதுவே ஏறக்குறைய 30 நாள்தான். பெரும்பாலும் ஆறு மாதம் கழித்து ஏதாவது விசேஷத்துக்குப் படம் தேடும்போதுதான் தெரியவரும். போனும் கிளவுடும் இணைந்து நடப்பவை. அந்தப் பொத்தானை விட்டு, போட்டோஸ் செயலியில் ஒரு படத்தை நேராக அழித்தால் இரண்டிலும் அழியும். இரண்டையும் இரண்டு பிரதி என்று எண்ணக் கூடாது.

அப்படியானால் எத்தனை பிரதி? தொழில் செய்கிறவர்கள் சொல்லும் கணக்கு: மூன்று பிரதி, இரண்டு விதமான இடம், ஒன்றாவது வெளியூரில். இதை உங்கள் பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் விதையில் செய்து காட்டினார். 2 கிலோ பாரம்பரிய நெல் விதையைக் கொடுத்து, மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னார். ஒரே கிடங்கில் பூட்டி வைக்காமல் பல ஊர் வயல்களுக்கு விதையைப் போகச் செய்ததால்தான், 2018 டிசம்பரில் அவர் மறைந்த பிறகும் அந்த நெல் விளைந்துகொண்டிருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது, மகன் சொல்வதும் வேண்டும், கடைக்காரர் சொல்வதும் வேண்டும். ஒன்று மட்டும் போதும் என்பதைத்தான் ஏற்க மாட்டேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறியபோது உங்கள் பக்கத்தில் என்ன ஆயிற்று என்று நீங்களே அறிவீர்கள். ஹார்ட் டிஸ்க் பீரோவில் இருந்திருந்தால் ஆல்பத்துக்கு நேர்ந்ததுதான் அதற்கும். கிளவுடில் இருந்திருந்தால், கரண்டும் டவரும் வர வாரக்கணக்கானாலும், படம் பத்திரமாக இருந்திருக்கும். ஆனால் கிளவுட் கணக்கே பூட்டப்பட்டால் அப்போது ஹார்ட் டிஸ்க்தான் கைகொடுக்கும். எனவே 1 டெராபைட் (சுமார் 1,000 ஜிபி) ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று திருச்சியில் மகளிடம். பக்கத்துத் தெரு உறவினர் வீடு வெளியூர்க் கணக்கில் வராது, ஒரே தண்ணீர் இரண்டு வீட்டுக்கும் வரும். அலமாரியில் நெடுநாள் கிடக்கப் போவதால், வட்டே இல்லாமல் சிப்பில் பதியும் எஸ்எஸ்டி என்ற புது வகையைவிடச் சுழலும் வட்டு உள்ள பழைய வகை ஹார்ட் டிஸ்க்கே மேல். மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் எஸ்எஸ்டியில் தரவு மங்கும் ஆபத்து உண்டு. நம் கடலோரக் காற்றின் ஈரத்துக்கு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கணினியில் போட்டு நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். பென்டிரைவ் கொண்டுபோகக் கொடுத்துவரத்தான், அதில் எதையும் நிரந்தரமாக வைக்காதீர்கள். கல்யாண வீடியோ பென்டிரைவிலேயே இருக்கிறது என்றால், அதை முதல் நாளே எடுத்துவிடுங்கள்.

இப்போது எந்த நிறுவனம், பணம் கட்டுவதா என்ற கேள்விக்கு வருகிறேன். பணம் கட்டுங்கள். இலவசமாகக் கிடைக்கும் இடத்தைத் தேடித் தேடிப் படங்களைப் பல வீட்டுத் திண்ணையில் பரப்பாதீர்கள். 2013-இல் ஃப்ளிக்கர் எல்லோருக்கும் 1 டெராபைட் இலவசம் என்றது. 2019-இல் இலவசக் கணக்குக்கு 1,000 படம்தான் என்று குறைத்தது. கூகுள் போட்டோஸ் 2015-இல் வரம்பே இல்லை என்று தொடங்கி, 2021-இல் நிறுத்திக்கொண்டது. ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடியது. அமேசான் டிரைவ் 2023 கடைசியோடு முடிந்தது. மைஸ்பேஸ், பயனர்கள் பல ஆண்டுகளாக ஏற்றி வைத்திருந்த பாடல்களை இடமாற்றத்தில் இழந்துவிட்டதாக 2019-இல் கைவிரித்தது. மூடும் முன் பெரும்பாலும் அறிவிப்பு தருவார்கள்தான். அந்த அறிவிப்பு வரும் மின்னஞ்சலை நம் வீட்டில் யார் படிக்கிறார்கள் என்பதே கேள்வி.

உங்களிடம் ஆண்ட்ராய்டு போன் இருப்பதால் கூகுளின் 100 ஜிபி திட்டமே எளிது. ஆண்டுக்கு 1,300 ரூபாய். விலை மாறக்கூடும், கட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவின் கணக்கில் கட்டாமல் உங்கள் சொந்தக் கணக்கில் கட்டுங்கள். ஏற்றும்போது 'அசல் தரம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்றதில் படத்தை 16 மெகாபிக்சலுக்கும் வீடியோவை 1080 வரிக்கும் சுருக்கிவிடுவார்கள், சுருங்கியது திரும்ப விரியாது. பாட்டுகளையும் கேசட்டிலிருந்து எடுத்தவற்றையும் போட்டோஸில் ஏற்ற முடியாது, டிரைவில் ஏற்றுங்கள். குடும்பக் குழு அமைத்தால் மகளும் அந்த இடத்தைப் பயன்படுத்தலாம், அவரவர் படம் அவரவருக்குத்தான் தெரியும். மகனைச் சேர்க்க முடியாது, ஏனென்றால் குழுவில் இருப்பவர்கள் ஒரே நாட்டில் வசிக்க வேண்டும் என்பது விதி. அவருக்கு ஃபோல்டரைப் பகிர்ந்தால் போதும். வீட்டில் யாராவது ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் 365 பர்சனல் அல்லது ஃபேமிலி திட்டம் வைத்திருந்தால் அதோடு 1 டெராபைட் இடம் வருகிறது, அதையும் பயன்படுத்தலாம். ஆப்பிளின் ஐகிளவுட் ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு. டிராப்பாக்ஸ் இலவசமாகத் தருவது 2 ஜிபிதான், உங்கள் தேவைக்குக் காணாது.

100 ஜிபி போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கில் உள்ள படங்கள் 15 ஜிபிக்குப் பக்கம். கேசட் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் முப்பதுக்கு, சுருக்காத ஒலியாக, சுமார் 19 ஜிபி. கல்யாண வீடியோ 40 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் சேர்ந்து 75 ஜிபி, தாராளமாக அடங்கும். தினம் 2 ஜிபி தரும் மொபைல் பேக்கில் இதை ஏற்ற ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவே நொடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் பிராட்பேண்டில் 17 மணி நேரம்தான். இதற்கும் திருச்சிதான் சரி, ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம்.

கேசட்டுகளைத் தாமதிக்காதீர்கள், ஆனால் அவசரத்தில் பழைய டேப்ரெக்கார்டரில் போட்டும் பார்க்காதீர்கள். முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் மூடிகளையும் உடைத்து எடுத்துவிடுங்கள். பிறகு தவறுதலாக ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் அதில் பதியாது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அதை ஓட்டவே கூடாது. ஓட்டினால் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அடுத்த கேசட்டுக்கும் பரவும். தனியே எடுத்து வைத்து, தெரிந்தவரிடம் கொடுங்கள். மாற்றித் தருகிறவரிடம் 'எம்பி3 வேண்டாம், வேவ் ஆகக் கொடுங்கள்' என்று கேளுங்கள். சாதாரண 128 கேபிபிஎஸ் எம்பி3-யில் மணிக்கு 60 எம்பிகூட வராது, வேவில் 600 எம்பிக்கு மேல். கேட்பதற்கு எம்பி3 போதும். வைத்துப் பாதுகாக்க, பின்னாளில் இரைச்சல் நீக்க, சுருக்காததுதான் வேண்டும். 'ஃபிளாக்' என்ற வடிவில் வாங்கினால் ஒலி ஒரு துளியும் குறையாமல் இடம் ஏறக்குறையப் பாதியாகும். தேவாரத்தில் தாளக்கட்டு இல்லாமல் பாடும் விருத்தங்களில் இடையிடையே மௌனம் வரும். அதை வெற்றிடம் என்று நினைத்துச் சிலர் வெட்டிவிடுகிறார்கள். 'எதையும் வெட்டாமல், இரண்டு பக்கமும் முழுதாக' என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். மாற்றி முடித்த பிறகும் கேசட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஏற்றுவதற்கு முன் ஒன்று கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் பாட்டி குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் படம் இல்லாத ஆல்பம் கிடையாது. கிளவுட் நிறுவனங்களின் கணினி, குழந்தைகளின் ஆடையற்ற படங்களைத் தானாகவே தேடுகிறது. குற்றத்தைத் தடுக்கச் செய்வதுதான், ஆனால் அதற்குக் குளியல் எது என்று புரிவதில்லை. குஜராத்தில் ஒரு பொறியாளர், சிறு வயதில் பாட்டி தன்னைக் குளிப்பாட்டிய படத்தை ஏற்றியதால் கணக்கு முழுவதும் முடக்கப்பட்டதாகச் சொல்லி வழக்குத் தொடுத்தார். 2024 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்றம் கூகுளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பேரப்பிள்ளைகளின் அப்படிப்பட்ட படங்களை ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் வையுங்கள். அம்மாவின் போனில் இருந்தால், பிரதி எடுத்தபின் கிளவுடுக்குப் போகும் கூட்டத்திலிருந்து பிரித்துவிடுங்கள். உறவினர்களுக்குச் சுட்டி மூலம் ஆல்பம் பகிரும்போதும் கவனம் வேண்டும். சுட்டி யார் கைக்குப் போனாலும் படம் திறக்கும்.

உங்கள் காலத்துக்குப் பிறகு என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் நெடுநாள் இருக்க வேண்டும். ஏற்பாட்டை மட்டும் இப்போதே செய்துவிடலாம். கூகுள் கணக்கில் 'செயலற்ற கணக்கு மேலாளர்' என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் 3 மாதம் முதல் 18 மாதம் வரை, எவ்வளவு காலம் கணக்கைத் தொடாவிட்டால் என்று குறித்து, மகள், மகன் பெயரைக் கொடுத்துவிட்டால், அந்தக் காலம் கடந்ததும் உங்கள் படங்களை இறக்கிக்கொள்ளும் வழி அவர்களுக்கு மின்னஞ்சலில் போகும். பத்துப் பேர் வரை சேர்க்கலாம். அம்மா இதைச் செய்திருந்தால் நீங்கள் இந்தக் கடிதமே எழுதியிருக்க வேண்டியதில்லை. ஆனால் இது இருப்பதே பலருக்கும் தெரியாது, குறை சொல்ல எதுவுமில்லை. மகனிடம் ஐபோன் இருந்தால் அதிலும் 'மரபுரிமைத் தொடர்பு' போன்ற ஓர் ஏற்பாடு 2021 டிசம்பரிலிருந்து உண்டு, அவரும் செய்து வைக்கட்டும். ஆண்டுக் கட்டணம் நின்றுபோனாலும் படம் மறுநாளே அழியாது. முன்னே சொன்ன 2 ஆண்டு அவகாசம் பிள்ளைகளுக்கு இருக்கும்.

கடைசியாக, அம்மாவின் கணக்கை மூடலாமா என்ற கேள்வி. இப்போது வேண்டாம். கேஸ் இணைப்பு, மின்வாரியம், வங்கி என்று எதில் எதில் அந்த எண்ணும் மின்னஞ்சலும் கொடுத்திருக்கிறார் என்று பார்த்து, ஒவ்வொன்றாக உங்களுடையதுக்கு மாற்றுங்கள். நீக்கிய கணக்கைத் திரும்பப் பெற மிகக் குறைந்த நாட்களே தருவார்கள், அதற்குப் பிறகு யாரிடம் கேட்டும் பயனில்லை. இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் நிரம்பி, பிள்ளைகள் இருவரும் தங்கள் கணினியில் படத்தைப் பார்த்து, பாட்டைக் கேட்டு, சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகு, மூன்று பேருமாகக் கலந்து பேசுங்கள். வைத்திருப்பது என்று முடிவானாலும், பிரதி எடுத்துவிட்டவற்றில் சிலவற்றை நீக்கி 15 ஜிபிக்குள் வைத்துக்கொண்டால், அந்தக் கணக்குக்காக கூகுளுக்கு நீங்கள் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை.